மதிலுக்குள் வயல்: ஆலவாய் எல்லையும் அலங்காநல்லூர்ச் சமவெளியும்

1. கேள்வி

மதுரையில் இன்று மதில் இல்லை. வாசல்கள் மட்டும் இருக்கின்றன. நகரப் பேருந்தில் நடத்துநர் 'தெற்குவாசல்', 'கீழவாசல்' என்று குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்கள் எந்த வாசலையும் தாண்டாமல் தெருவுக்குள் கலந்துவிடுகிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே நாயக்கர் கோட்டையின் மேற்கு வாயிலில் எஞ்சிய பகுதி நிற்கிறது. கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் நிற்கிறது. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் என்று அதைச் சொல்வார்கள். மற்றதெல்லாம் பெயராகத்தான் மிஞ்சியது.

மதிலும் அகழியும் சூழ, உள்ளே அங்காடியும் மாடமாளிகையும் நிறைந்த செல்வ நகரம் என்பது உலகெங்கும் கற்பனைக் கதைகள் விரும்பி எழுப்பும் ஒன்று. தமிழில் அத்தகைய நகரத்தை முதலில் முழுமையாகக் கட்டி எழுப்பியவை மதுரையைப் பற்றிய பாடல்களும் புராணங்களும்தான். இருந்த ஊர் ஒன்றின் மேலேயே கற்பனை ஊர் ஒன்றும் எழுந்தது. அந்தக் கற்பனை நகரத்தின் மதில் எதுவரை போனது? கல்லாலும் மண்ணாலும் கட்டப்பட்ட மதில் எதுவரை போனது? இரண்டுக்கும் நடுவே விடுபட்ட நிலம் எது? இந்தக் கட்டுரை இந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. நகரத்துக்கு வடமேற்கே, வயலும் தோப்புமாகக் கிடக்கும் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க முயல்கிறேன். நகரத்துக்குள் நின்று எழுதப்பட்டவை நிறைய இருப்பதே அதற்குக் காரணம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

மதுரைக் கோட்டையைப் பற்றிய வரலாற்று எழுத்து பெரும்பாலும் இரண்டு வழிகளில் போயிருக்கிறது. முதலாவது, நிர்வாகிகளும் அரசியல் வரலாற்றாசிரியர்களும் எழுதியது. ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாட்டு நூலும், டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்டக் கையேடும், ஆர். சத்தியநாத ஐயர் 1924இல் எழுதிய நாயக்கர் வரலாறும் இவ்வகை. யார் கட்டினார், யார் முற்றுகையிட்டார், யார் இடித்தார் என்பவை இவற்றின் கேள்விகள். இரண்டாவது, நகர அமைப்பை ஆராய்வது. கோயிலை நடுவே வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரச் சதுரமாக விரியும் தெருக்களை ஒரு சமயத் திட்டமாகப் படிக்கும் வழி இது. மதுரையைத் தாமரையாகவும் தெருக்களை இதழ்களாகவும் கோயிலை நடுப்பொகுட்டாகவும் காணும் பரிபாடல் கற்பனை இவர்களுக்கு விருப்பமான சான்று.

இரண்டு வழிகளும் பயனுள்ளவை. ஆனால் இரண்டுக்கும் மதில்தான் எல்லை. அதற்கு அப்பால் இருப்பது 'சுற்றுப்புறம்'. இந்த வரம்பைத் தாண்டியவை என்று இரண்டு நூல்களைச் சொல்லவேண்டும். தொ. பரமசிவன் 1989இல் நூலாக வெளியிட்ட 'அழகர் கோயில்' ஆய்வு, கள்ளர், இடையர், பள்ளர் உள்ளிட்ட கிராமச் சமூகங்களோடு அந்தக் கோயிலுக்குள்ள உறவை மையத்தில் வைத்தது. சு. வெங்கடேசன் 2008இல் எழுதி, 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'காவல் கோட்டம்', கோட்டையின் கதையையும் அதற்கு வெளியே வாழ்ந்த கள்ளர்களின் கதையையும் ஒன்றாகப் பின்னியது. நாவலை வரலாற்று ஆவணமாகக் கொள்ள முடியாது. ஆயினும் நகரத்தின் காவல் வெளியூர்க்காரர்களின் கையில் இருந்தது என்ற உண்மையைப் பொது வாசகர் முன் அவ்வளவு அழுத்தமாக வைத்த வேறு நூல் தமிழில் இல்லை என்றே கருதுகிறேன்.

3. பாட்டுக்குள் எழுந்த மதில்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மிக நீண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்காகப் பாடப்பட்டது. ஆழ்ந்த அகழி, வானளாவும் மதில், நெய் பூசிக் கறுத்த கதவு, பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி, சங்கறுப்பவர், மணிக்குத் துளையிடுபவர், ஆடை விற்பவர் என்று நகரத்தின் ஒரு முழு நாளை அது காட்டுகிறது. பாடநூல்களிலும் மேடைகளிலும் எடுத்தாளப்படுவது இந்தப் பகுதிதான். சங்ககால மதுரையின் செல்வத்துக்குச் சான்று வேண்டும்போதெல்லாம் அங்காடிப் பகுதியைப் பிய்த்துக் கொடுப்பது நம் வழக்கமாகிவிட்டது.

அப்படிப் பிய்ப்பதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. மருதனார் நேராக நகரத்துக்குள் போகவில்லை. முதலில் பாண்டிய நாட்டின் ஐந்து நிலங்களையும் நடந்து கடக்கிறார். மருதத்தில் நெல் விளைகிறது, முல்லையில் வரகும் எள்ளும், குறிஞ்சியில் தினை, பாலையும் நெய்தலும் தொடர்கின்றன. அத்தனை நிலத்தின் ஓசைகளையும் கேட்ட பிறகே அகழியும் மதிலும் வருகின்றன. மதில் வாயிலில் ஓயாமல் போய்வரும் மக்கள் கூட்டத்துக்கு அவர் காட்டும் உவமை வைகை. கோட்டை வாயிலை அடைத்துக் காக்கும் இடமாக நினைக்கிறவருக்கு இந்த உவமை தோன்றாது. வாயில் வழியே ஊருக்குள் பாய்வது ஒரு ஆறு என்று நினைத்தவருக்கே தோன்றும். அங்காடியில் கொட்டிக்கிடக்கும் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பாட்டின் முன்பகுதி ஏற்கெனவே சொல்லிவிட்டது. முன்பகுதியை விட்டுவிட்டுப் படிக்கும்போதுதான் நகரம் தானாக விளைந்த செல்வமாகத் தெரிகிறது.

இதே நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் உண்டு, 18ஆம் எண். அதிலும் உயர்ந்த மதிலையுடைய வளம் மிக்க பழைய ஊரின் வேந்தனே என்றுதான் விளி தொடங்குகிறது. அடுத்து வரும் அறிவுரை மதிலைப் பற்றியது அன்று. பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு. நீரும் நிலமும் சேர்ந்தால்தான் உணவு. உணவைத் தந்தவரே உயிரைத் தந்தவர். நீரைத் தேக்கி வைத்தவரே புகழைத் தேக்கி வைத்தவர் என்பது அதன் சாரம். மதில் இருக்கிறது, அது போதாது என்று போர் வென்ற மன்னனிடம் நேராகச் சொன்ன புலவர் இவர். மதுரைக்காஞ்சியை இந்தப் பாட்டோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

சிலப்பதிகாரம் மதிலை இன்னும் விரிவாகக் காட்டுகிறது. அடைக்கலக் காதையில் தானே வளைந்து எய்யும் வில்லும், கல்லெறியும் கவணும், காய்ந்த எண்ணெயும் உலோகக் குழம்பும் கொதிக்கும் மிடாக்களுமாக மதில்மேல் அடுக்கப்பட்ட பொறிகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அந்தப் பட்டியல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆய்ச்சியர் குல மூதாட்டி மாதரி, கண்ணகியைக் கைப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழியில் அந்த வாயிலைக் கடக்கிறாள். போர்ப் பொறிகளுக்கு நடுவே மோர் விற்று வாழும் ஒரு பெண்ணும், ஊருக்குப் புதிதான ஒரு பெண்ணும் நடந்து போகிறார்கள். அதற்கு முன் கோவலனும் கண்ணகியும் தங்கியிருந்தது மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில். கோவலன் மட்டும் உள்ளே போய் மணிக்கடைகளையும் அறுவை வீதியையும், நிறைகோலும் அளவையும் ஏந்தித் தரகர்கள் திரியும் கூல வீதியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.

அத்தனை பொறிகளும் ஒருமுறைகூட இயங்கவில்லை. நகரத்தை அழித்த தீ உள்ளிருந்தே எழுந்தது. வெளியே, புறஞ்சேரியில், அடைக்கலம் கிடைத்தது. உள்ளே விசாரணையில்லாத கொலை நடந்தது. இளங்கோவடிகள் மதிலின் வலிமையை அவ்வளவு விரித்துச் சொன்னது, அந்த வலிமை எதற்கு உதவாது என்று காட்டத்தான் என்றே நான் படிக்கிறேன்.

4. பாம்பு வளைத்த எல்லை

மதுரைக்கு ஆலவாய் என்றொரு பெயர். ஆலமரத்தோடு இணைத்து விளக்குபவர்கள் உண்டு. புராணம் சொல்லும் விளக்கம் வேறு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பிரளயத்துக்குப் பின் ஊர் எல்லை அழிந்துபோகிறது. வங்கியசேகர பாண்டியன் காலத்தில் குடிகள் பெருகுகிறார்கள், இடம் போதவில்லை. பழைய எல்லையைக் காட்டுமாறு மன்னன் வேண்ட, சித்தராக வந்த இறைவன் தன் கைக்கங்கணமான பாம்பை ஏவுகிறார். அது வாலை நீட்டி நகரைச் சுற்றி வளைத்து, வாலைத் தன் வாய்க்குள் வைத்துக் காட்டுகிறது. அந்தக் கோட்டின்மேல் மன்னன் மதில் எழுப்புகிறான்.

இந்த மதிலின் எல்லைகளாக மரபில் நிற்கும் ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம். தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே திருவேடகம், வடக்கே அழகர்மலை, கிழக்கே திருப்பூவணம். திருவேடகத்திலிருந்து திருப்பூவணம் வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். திருவேடகத்திலிருந்து அழகர்மலைக்குப் பாம்பின் உடலைப்போல ஒரு வளைவு இழுத்தால், அது அலங்காநல்லூரை ஒட்டியே போகிறது. இன்றைய மதுரை மாநகராட்சியைவிடவும் விரிந்த பரப்பு அது.

இது வெறும் தலங்களின் வட்டம், பொருளியலோடு இதற்கு என்ன உறவு என்று கேட்கலாம். நியாயமான மறுப்புதான். திருப்பரங்குன்றமும் திருவேடகமும் திருப்பூவணமும் பாடல் பெற்ற தலங்கள். அழகர்மலை திருமால் தலம். புனித எல்லை வரைவதற்குப் புராணக்காரருக்கு இவை போதும். ஆனால் இரண்டு செய்திகள் அந்த மறுப்பைத் தளர்த்துகின்றன. ஒன்று, திருவேடகமும் திருப்பூவணமும் வைகையின் கரையில் இருப்பவை. ஒன்று நகரத்துக்கு மேலே, மற்றது கீழே. வைகையை எதிர்த்து ஏடு ஏறிய கதையே திருவேடகத்துக்குப் பெயர் தந்தது. மதுரை நகரை ஒட்டி ஓடும் ஆற்றுப் பகுதி முழுவதும் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையில் அடங்குகிறது. இரண்டு, கதையே தரும் காரணம். மன்னன் எல்லை கேட்டது படையெடுப்புக்குப் பயந்து அன்று, குடிகள் பெருகியதால். பெருகிய குடி தங்கவும் உழவும் எவ்வளவு நிலம் வேண்டுமோ அவ்வளவையும் சேர்த்துத்தான் பாம்பு வளைத்தது. புராணக்காரர் எண்ணிப் பார்த்துச் செய்தாரா என்பது வேறு. அவர் மனத்தில் இருந்த மதுரை, வயலையும் ஆற்றையும் உள்ளடக்கியது.

இங்கே மேலைநாட்டுக் கற்பனை நகரம் ஒன்றை ஒப்பிடலாம். டோல்கீனின் 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' 1955இல் வந்தது. அதில் வரும் மினாஸ் திரித் நகரத்துக்கு ஏழு அடுக்கு மதில்கள். திரைப்படத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளை மதில்களும் அவற்றின் முன்னே வெறும் புல்வெளியுமே நினைவிருக்கும். நூலில் அப்படி இல்லை. நகரத்தைச் சூழ்ந்த பெலனோர் வெளியில் கழனிகளும் பழத்தோட்டங்களும் களஞ்சியங்களும் உண்டு. அவை அனைத்தையும் வளைத்து ராமாஸ் எகோர் என்ற வெளிமதிலும் உண்டு. உழவு நிலத்தைக் காக்காமல் நகரத்தைக் காக்க முடியாது என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. மதுரைக்காஞ்சிக்கு நாம் செய்ததையே திரைப்படமும் அந்த நூலுக்குச் செய்தது.

தொல்லியல் என்ன சொல்கிறது? மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. இன்று சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில் உள்ளது. புராணம் கிழக்கெல்லையாகச் சொல்லும் திருப்பூவணத்துக்கும் மதுரைக்கும் நடுவே. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், நெசவுக் கருவிகள், தமிழி எழுத்து பொறித்த ஓடுகள் அங்கே கிடைத்தன. பாட்டில் வரும் ஓங்கிய மதிலுக்கு ஈடானது எதுவும் அறிவிக்கப்படவில்லை. இதைக்கொண்டு புராண எல்லை மெய்ப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த முடிவு மிகை. பழைய குடியிருப்பும் தொழிலும் வைகைக் கரை நெடுகப் பரவியிருந்தன என்பதற்கு மேல் அந்தச் சான்று பேசாது. இந்தக் கட்டுரைக்கு அதுவே போதும்.

5. கல்மதிலும் அதன் காவலும்

வரலாற்றில் நிச்சயமாகத் தெரியும் மதில் நாயக்கர்களுடையது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையை அப்புறப்படுத்தி, அதைவிடப் பெரிய இரட்டை மதில் கோட்டையைக் கட்டினார் என்றும், அதன் 72 கொத்தளங்களை 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் விட்டார் என்றும் நாயக்கர் கால மரபுச் செய்திகள் கூறுகின்றன. எண்ணிக்கை அலங்காரமாக இருக்கலாம். ஏற்பாட்டின் பொருள் தெளிவானது. ஒவ்வொரு கொத்தளத்தின் பின்னாலும் ஊர்களும் விளைச்சலும் ஆட்களும் இருந்தார்கள். நகரத்தின் மதிலைத் தாங்கியது நாட்டுப்புறம்.

பரப்பில் அது சிறியது. இன்றைய நான்கு வெளி வீதிகளே அதன் தடம். காலையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் சுற்றி முடித்துவிடலாம். பாம்பு வளைத்த எல்லையோடு ஒப்பிட்டால், வயல் முழுதும் வெளியே தள்ளப்பட்டுவிட்டது.

அதன் விளைவு 1764இல் வெளிப்பட்டது. மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப்கான் கோட்டையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயரையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். 1763இன் முற்றுகை மழைக்காலத்தில் முறிந்தது. 1764 ஜூன் இறுதியில் மதிலை உடைத்து ஏறிய தாக்குதலும் தோற்றது. அதற்குப் பிறகு முற்றுகையிட்டவர்கள் மதிலோடு மோதுவதை விட்டுவிட்டு, உணவு வரும் வழிகளை அடைத்தார்கள். பசி உள்ளே புகுந்தது. அக்டோபரில் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 15ஆம் தேதி சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். பீரங்கி சாதிக்காததை, சமவெளியிலிருந்து வரும் தானியத்தை நிறுத்தியது சாதித்தது. மதுரை மதிலின் வலிமையைப் பற்றி வீரக்கதைகள் பல எழுதப்பட்டிருக்கின்றன. அதன் பலவீனத்தைச் சொல்ல இந்த ஒரு முற்றுகை போதும். குடபுலவியனார் சொன்ன அறிவுரை ஞாபகத்துக்கு வருகிறது.

6. இடிப்பும் நீரும்

1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. இடிக்கும் வேலையை ஏற்றவர்களுக்கே அங்கு வெளியான நிலம் வீடு கட்டக் கிடைத்தது. வெளி வீதிகள் அப்படி உருவானவை. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. அவர் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. பழம்பெருமை அழிந்தது என்று வருந்துவோரும், நகரம் மூச்சுவிட்டது என்று பாராட்டுவோருமாக இரு தரப்பு உண்டு. எனக்கு இரண்டாவது தரப்பே சரியாகத் தோன்றுகிறது. நெரிசலில் கிடந்த நகரம் மதிலைத் தின்றுதான் வளர முடிந்தது.

ஆனால் நகரத்தை மெய்யாகவே பெருக்கியது இடிப்பைவிட நீர்தான். 1895இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரை மலைக்குள் சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பியது. பேரணையில் பிரியும் கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் வழியாக மேலூர் நோக்கிப் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகச் சாகுபடி நிலம். இங்கே விவசாயிகள் 'கள்ளந்திரி வரைக்கும் ரெண்டு போகம், அதுக்கு அங்கிட்டு ஒரு போகம்' என்று சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. பாம்பு வரைந்த கோட்டுக்கு அடுத்தபடி மதுரைச் சமவெளியில் வரையப்பட்ட பொருளுள்ள கோடு அதுவே.

7. அலங்காநல்லூரிலிருந்து

இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஒரு வாசலைத்தான் தேடுகிறார்கள்: வாடிவாசல். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தபோதும், 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் மக்கள் திரண்டபோதும் நாடு முழுவதும் பார்த்தது இந்த வாசலை. 2024 ஜனவரியில் அருகே கீழக்கரையில் பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுபவர்கள் ஆயர்கள். கண்ணகிக்கு வீடு தந்த மாதரியின் இனத்தார். ஆய்ச்சியர் குரவையிலும் அந்தக் காளைகள் வருகின்றன. ஆண்டுக்கு ஒருநாள் கேமராக்கள் அந்தக் காளைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. மற்ற நாள்களில் இங்கே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. கரும்பை நம்பி எழுந்த தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் சில ஆண்டுகளாக அரவை இல்லை. கால்வாய் பாயும் வயல்களில் மனைக்கல் நடப்படுகிறது. புராணத்தில் குடி பெருகியபோது எல்லைக்குள் வயலையும் சேர்த்தார்கள். இப்போது குடி பெருகும்போது வயல் மனையாகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் விழா முன்பு தேனூரில் நடந்தது. அழகர் அலங்காநல்லூரில் அலங்காரம் செய்துகொண்டு போவார், அலங்காரநல்லூர்தான் அலங்காநல்லூர் ஆயிற்று என்று இப்பகுதியில் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் விழாவை நகரத்துக்கு மாற்றினார் என்பது மரபு. பெயர்க் காரணம் கதையாக இருக்கலாம். விழாவின் இடம் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு மாறியது என்ற நினைவு, கதைக்கு அப்பாலும் உறுதியானது.

மதுரையின் மரபுச் சின்னங்கள் என்று இன்று வரையப்படும் வரைபடங்கள் நான்கு வெளி வீதிகளோடும், மிஞ்சினால் தெப்பக்குளத்தோடும் நின்றுவிடுகின்றன. அவற்றை வரைபவர்கள் பேரணையையும் தேனூரையும் திருவேடகத்தையும் கள்ளந்திரியையும் சேர்க்கவேண்டும். வாய்க்கால்களையும் கண்மாய்களையும் மதிலின் பாகமாகவே குறிக்கவேண்டும். விழா இடம் மாறி மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வண்டியூர் வைகைக்குள் அழகர் எழுந்தருளும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர்.